கருமண் தேசம் – 23: பரிசு யார் கொடுத்தது?

1935 டிசம்பர் 28. மாஸ்கோவின் 'பிராவ்தா' நாளிதழில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. புரட்சிக்கு முன்னால் பணக்கார வீடுகளில் புத்தாண்டு மரம் ஜொலிக்கும். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஏக்கத்தோடு பார்ப்பார்கள். இன்று ஆட்சி நம் கையில் இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சியை ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்டது கடிதம். பள்ளிகள், அநாதை இல்லங்கள், பயனியர் சிறுவர் இயக்கத்தின் மாளிகைகள், சினிமா கொட்டகைகள் என்று எல்லா இடத்திலும் மரம் வைக்கச் சொன்னது. கீழே கையெழுத்து: பாவெல் போஸ்திஷெவ்.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருபவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அதே போஸ்திஷெவ்தான். 1933 ஜனவரியில், உக்ரைன் கிராமங்களில் களஞ்சியங்கள் காலியாகிக் கிடந்தபோது, தானியக் கொள்முதலை முடித்துத் தரச் சொல்லி மாஸ்கோ அனுப்பிவைத்த ஆள். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 39 லட்சம் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் மதிப்பீடு. மூன்று வருடம்கூட ஆகவில்லை. அந்தக் கைதான் பிள்ளைகளுக்கு மரத்தை நீட்டியது.

மரம் அப்போது தடைசெய்யப்பட்ட பொருள். 1920களின் கடைசியில் அதை மதச் சின்னம் என்று சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையும் போயிருந்தது. போஸ்திஷெவின் கடிதத்துக்குப் பிறகு சில நாள்களிலேயே ஊசியிலை மரங்கள் சந்தைக்குத் திரும்பின. உச்சியில் பெத்லகேம் நட்சத்திரம் இருந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம். மரத்தோடு கூடவே ஒரு கொடையாளியையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீண்ட அங்கி, வெள்ளைத் தாடி, கையில் தடி, பக்கத்தில் பேத்தி. உக்ரைனிய மொழியில் அவர் பெயர் தித் மொரோஸ், பனித்தாத்தா. அந்தக் காலத்து சோவியத் படப் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஜாடை பழக்கமானதாகக்கூட இருக்கலாம்.

உக்ரைனில் குளிர்காலப் பரிசுகளின் வரலாற்றைப் புரட்டினால், என்ன பரிசு கொடுத்தார்கள் என்பது சீக்கிரமே சலித்துப்போகும். ஆப்பிள், கொட்டைகள், தேன் பிஸ்கட், கொஞ்சம் சில்லறை. பல நூறு வருடங்களுக்கு இதுதான் பட்டியல். சுவாரஸ்யமெல்லாம் அதை யார் பெயரில் கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அதற்காகப் பேரரசுகள் சண்டை போட்டிருக்கின்றன. சிறைக்குப் போனவர்களும் உண்டு.

பனித்தாத்தாவிலிருந்தே தொடங்குவோம். உக்ரைனியக் கிராமத்துக்கு அவர் 1935இல் புதிதாக வந்தவர் இல்லை. ஆனால் பழைய கிராமத்தில் மொரோஸ் யாருக்கும் எதையும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை. அதைப் புனித மாலை என்பார்கள். வீட்டின் மூலையில், திருப்படங்களுக்குக் கீழே, அறுவடையில் எடுத்து வைத்த கதிர்க்கட்டு நிற்கும். திதுஹ் என்று பெயர். மேசையில் 12 பதார்த்தங்கள், இறைச்சியும் பாலும் கலக்காதவை. காளான் போட்ட பீட்ரூட் சூப், மீன், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, உருளைக்கிழங்கு கொழுக்கட்டை, உலர்பழக் கஷாயம். நடுநாயகமாக கூத்யா: முழுக் கோதுமையை வேகவைத்து, கசகசாவை மண்சட்டியில் பால் விடும்வரை அரைத்து, தேன் ஊற்றிக் கலந்தது. பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நட்சத்திரம் தெரியாமல் யாரும் ஸ்பூனைத் தொடக்கூடாது.

சாப்பிட உட்காருமுன் வீட்டுத் தலைவர் ஒரு கிண்ணம் கூத்யாவோடு வாசலுக்கோ ஜன்னலுக்கோ போய், "மொரோஸ், வா, கூத்யா சாப்பிடு" என்று மூன்று தடவை கூப்பிடுவார். பதில் வராது. இப்போது வராதவன் பிறகு என் கோதுமை மேலும் வராதே, தோட்டத்து மேலும் வராதே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை அந்நேரம் பனிக்கு அடியில் பச்சையாகப் படுத்திருக்கும். வசந்தத்தில் ஒரு தப்பான உறைபனி அடித்தால் வருடம் முழுக்கப் பட்டினி. அதனால்தான் இந்த விருந்து உபசாரம். இந்த மொரோஸை எடுத்துத்தான் சோவியத் அரசு கையில் மூட்டையைக் கொடுத்துப் பிள்ளைகள் நடுவில் நிறுத்தியது. பஞ்சத்துக்குப் பிறகு கோதுமையே அரசின் கையில் இருந்த தேசத்தில், தானியத்துக்காகக் கெஞ்சிச் சமாதானம் பண்ண வேண்டிய ஆள் மாறிவிட்டார் என்பதும் உண்மைதான்.

அந்த இரவில் கூத்யா இன்னொருவருக்கும் போகும். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தையும் ஸ்பூன்களையும் மேசையிலேயே விட்டுவைப்பார்கள், செத்துப்போன முன்னோர் வந்து சாப்பிடட்டும் என்று. பெஞ்சில் உட்காருமுன் வாயால் ஒரு ஊது ஊதிவிட்டு உட்கார வேண்டும் என்பது பெரியவர்கள் சொல்லும் மரியாதை. கண்ணுக்குத் தெரியாத யார் மடியிலாவது உட்கார்ந்துவிடக்கூடாது அல்லவா?

உயிரோடு இருப்பவர்களுக்கான முறை அதைவிட நுணுக்கமானது. புனித மாலையன்று பிள்ளைகள் "சாப்பாடு தூக்கிக்கொண்டு" போவார்கள். ஒரு துணியை விரித்து, நடுவில் கூத்யாக் கிண்ணம், பக்கத்தில் பின்னல் ரொட்டியான கலாச், இரண்டு மூன்று அப்பங்கள். துணியின் நான்கு முனையையும் மேலே சேர்த்து ஒரு முடிச்சு. இதைத் தாத்தா பாட்டி வீட்டுக்கும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். தன்னைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருந்தால் அவளுக்கும் ஒரு முடிச்சு உண்டு. வாசலில் நின்று, அப்பாவும் அம்மாவும் உங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் உள்ளே கூப்பிட்டு முடிச்சை அவிழ்த்துக் கூத்யாவை ருசி பார்ப்பார்கள். கொண்டுவந்த கலாசை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக் கலாசை அதே துணியில் வைப்பார்கள். மேலே ஒரு பிடி கொட்டை, மிட்டாய், ஒரு நாணயம். பிறகு அதே முடிச்சு.

இதில் பரிசு கொடுத்தது யார், வாங்கியது யார்? பிள்ளை கொண்டுபோனதும் பரிசு, கொண்டுவந்ததும் பரிசு. ரொட்டிக்கு ரொட்டி சரியாகிவிட்டது. கணக்கில் மிச்சம் நிற்பது கொஞ்சம் மிட்டாயும் ஒரு நாணயமும்தான், அது தூக்கிக்கொண்டு நடந்தவருக்கு. போல்தாவா பக்கத்திலும் கார்கிவ் பக்கத்திலும் நன்றாக வேரூன்றியிருந்த வழக்கம் இது. உக்ரைனியர்கள் கண்டுபிடித்த பரிசு முறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் யாருக்கும் கடன்படாமல், ஆனால் வெறுங்கையோடும் திரும்பாமல் ஒரு ஊரே ராத்திரியில் சுற்றிவருகிறது.

இன்றுவரை அங்கே நீடிக்கிற மரியாதைகள் பலவும் இந்த வழக்கத்தை நினைவூட்டுகின்றன. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. பணப்பையைப் பரிசளித்தால் உள்ளே ஒரு நாணயமாவது போட்டுக் கொடுக்க வேண்டும். கத்தி பரிசளித்தால் வாங்குபவர் ஒரு காசைக் கொடுத்து அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். எந்தப் பரிசையும் நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைமாற்றக்கூடாது. உள்ளே வந்த பிறகுதான். பூக்கள் என்றால் 3, 5, 7 என்று ஒற்றைப்படை. இரட்டைப்படைப் பூக்கள் கல்லறைக்குப் போகிறவை. விவரம் தெரியாமல் ஒரு டஜன் ரோஜாவோடு விருந்துக்குப் போகும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து வீட்டுக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தனியாக வைப்பார்.

பிறகு பாட்டு. கிறிஸ்துமஸ் அன்று கேரல் பாடகர்கள் நட்சத்திரம் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். கூட்டத்தில் ஒருவருக்குச் சாக்கு தூக்குவதே உத்தியோகம். ரொட்டி, தொத்திறைச்சி, பன்றிக் கொழுப்பு, சில்லறை எல்லாம் அதற்குள் விழும். பாடலாமா என்று கேட்டு, வீட்டார் சரி என்ற பிறகுதான் தொடங்க வேண்டும். பாட்டில் வீட்டுக்காரருக்கு விளைச்சல், வீட்டுக்காரிக்கு நலம், பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று ஆளுக்கொரு வாழ்த்து இருக்கும். கார்பாத்திய மலைகளில், கிரிவோரிவ்னியா போன்ற ஹுட்சுல் கிராமங்களில், இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆண்கள் மட்டும், கையில் சிறு கோடரியும் மணியும், கூடவே திரெம்பீத்தா என்ற நீண்ட மரக்குழல். தேவாலய வாசலில் ஆசி வாங்கிக்கொண்டு மலைமேல் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு நாள்கணக்கில் நடப்பார்கள். சேரும் பணம் தேவாலயத்துக்கு. சாக்கை எதற்காகத் தூக்குகிறார்கள் என்ற விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1972இல் அது பெரிய விவகாரம் ஆகப்போகிறது.

பழைய நாள்காட்டியின் புத்தாண்டான புனித வாசில் நாளின் விடியற்காலையில் பையன்களின் முறை. கையுறையிலோ பையிலோ கோதுமையும் ஓட்ஸும் நிரப்பிக்கொண்டு வீடு வீடாக நுழைந்து, விதைக்கிற மாதிரி தரையெங்கும் தூவுவார்கள். வருடத்தின் முதல் விருந்தாளி ஆணாக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை, அதனால் பெண்பிள்ளைகளுக்கு இந்த வேலை கிடையாது (இதில் அவர்களுக்கு வருமான இழப்பு, ஆனால் முந்தைய இரவின் வாழ்த்துப் பாட்டு அவர்கள் ராஜ்யம்). சிதறிய தானியத்தை உடனே பெருக்கக்கூடாது. பிறகு கூட்டி எடுத்துக் கோழிக்குப் போடுவார்கள், அல்லது வசந்தத்து விதையோடு கலப்பார்கள். பையனுக்கு மிட்டாயும் காசும்.

இதிலெல்லாம் புனித நிக்கோலாஸ் எங்கே என்று கேட்பீர்கள். உக்ரைனியர் மிகோலாய் என்று கூப்பிடும் இவர் 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரத்து ஆயர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இருட்டில் பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டு நழுவிய கதை கிறிஸ்தவ உலகம் முழுக்கத் தெரிந்தது. அவருடைய எலும்புகள் 1087இல் இத்தாலியின் பாரி நகருக்குப் போனபோது கிரேக்கர்கள் அந்த நாளைக் கொண்டாடவில்லை, கீவ் கொண்டாடியது. அதனால் உக்ரைனில் அவருக்கு வருடத்தில் இரண்டு திருநாள். நீப்பர் ஆற்றில் தவறி விழுந்த குழந்தை மறுநாள் கீவின் சோஃபியா தேவாலயத்தில் அவருடைய திருப்படத்துக்கு அடியில் சொட்டச் சொட்ட நனைந்தபடி கிடந்ததாக ஒரு பழங்கதையும் உண்டு. அந்தப் படத்துக்கு 'ஈர நிக்கோலாஸ்' என்றே பெயர்.

ஆனால் தலையணைக்கு அடியில் பரிசு வைக்கும் மிகோலாய் முக்கியமாக மேற்கு உக்ரைனின் ஆள். ஹாலிச்சினா என்ற அந்த வட்டாரம் முதலில் ஆஸ்திரியப் பேரரசிலும், உலகப் போர்களுக்கு இடையில் போலந்திலும் இருந்தது. டிசம்பர் 18 இரவு பிள்ளை தூங்கும். 19 காலையில் தலையணையைத் தூக்கினால் ஆப்பிள், கொட்டை, ஆயர் உருவத்தில் சுட்ட தேன் பிஸ்கட். சேட்டை செய்த பிள்ளைக்கு ஒரு வில்லோக் குச்சி; பெரும்பாலும் பரிசோடு சேர்த்தே இருக்கும், எச்சரிக்கைக்காக. 'பிரோஸ்வித்தா' என்ற மக்கள் கல்விச் சங்கத்தின் வாசகசாலைகளில் ஒருவர் ஆயர் வேடம் போட்டு வருவார், தேவதைகளும் ஒரு குட்டிச் சாத்தானும் கூட வரும். பொட்டலங்களில் பெயரெழுதிப் பெற்றோர்தான் முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பார்கள். கொடுத்தது நான் என்று யாரும் சொல்லிக்கொள்ளக்கூடாது, பெயரெல்லாம் மிகோலாய்க்கே.

1939இலும் பிறகு 1944இலும் சோவியத் செம்படை உள்ளே வந்தது. 1946 மார்ச்சில் மேற்கு உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையை லிவிவ் நகரில் கூட்டிய ஒரு போலிப் பேரவை மூலம் கலைத்தார்கள். மிகோலாயின் உத்தியோகமும் அத்தோடு போனது, காகிதத்தில். 1947 டிசம்பரில் வந்த ஆணை ஜனவரி 1ஐ விடுமுறையாக்கியது. புத்தாண்டு நாட்டின் தலையாய குடும்பப் பண்டிகையாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். பெற்றோர் வேலைபார்க்கும் ஆலையின் தொழிற்சங்கக் கமிட்டி பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கொடுக்கும்: நிறைய சாதா மிட்டாய், எண்ணி வைத்த சாக்லெட், வேஃபர், ஜார்ஜியாவிலிருந்து வந்த கமலா ஆரஞ்சு. பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் சாக்லெட்டைத்தான் எண்ணுவார்கள். விழாவில் பனித்தாத்தாவிடம் பரிசு வாங்க வேண்டுமானால் முக்காலிமேல் ஏறி ஒரு கவிதை ஒப்பிக்க வேண்டும். கிராமத்தில் பாடிய பிள்ளை வீட்டாருக்கு விளைச்சலை வாழ்த்திவிட்டுக் கூலி வாங்கியது. இங்கே பிள்ளை நன்றி சொல்லிவிட்டுப் பரிசு வாங்குகிறது. பெரியவர்கள் உலகத்தில் புத்தாண்டை ஒட்டி டாக்டருக்கு ஒரு கான்யாக், டீச்சருக்கு ஒரு சாக்லெட் பெட்டி. கடையில் எதுவும் கிடைக்காத காலத்தில் இது மரியாதையா லஞ்சமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

லிவிவ் வீடுகளில் மிகோலாய் வந்துகொண்டுதான் இருந்தார், விளக்கை அணைத்துவிட்டு. தலையணைக்கு அடியில் என்ன கிடைத்தது என்று டிசம்பர் 19 அன்று பள்ளியில் யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய கதை அந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. கொடுத்தவரை மறைப்பது பழைய மரபு. இப்போது வாங்கியவரும் மறைக்க வேண்டி வந்தது.

1972 ஜனவரி கிறிஸ்துமஸுக்கு லிவிவில் ஒரு கேரல் கூட்டம் கிளம்பியது. எழுத்தாளர்கள், கலைஞர்கள், எதிர்ப்பாளர்கள். பத்திரிகையாளர் வியாச்செஸ்லாவ் சோர்னோவில், கவிஞர் இரீனா கலினெட்ஸ், டாக்டர் ஒலேனா அந்தோனிவ் எல்லாம் அந்த வட்டம். விடுமுறைக்கு அந்தப் பக்கம் வந்திருந்த கீவ் கவிஞர் வாசில் ஸ்தூசும் சேர்ந்துகொண்டார். பழைய முறைப்படியே வீடு வீடாகப் போய்ப் பாடினார்கள், பழைய முறைப்படியே வீட்டுக்காரர்கள் காசு கொடுத்தார்கள். அந்தப் பணம் அரசியல் கைதிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் போக வேண்டியது. ஹுட்சுல் மலைகளில் தேவாலயத்துக்குப் போன அதே சாக்குப்பணம்தான். பாடிக்கொண்டே வசூலிப்பதைச் சட்டம் போட்டுத் தடுப்பது கஷ்டம், கொடுத்தவர் பட்டியலும் இருக்காது.

ஜனவரி 12ஆம் தேதி தொடங்கி கேஜிபி வலைவீசியது. லிவிவில் சோர்னோவில், கலினெட்ஸ், திரைச்சீலைக் கலைஞர் ஸ்தெஃபானியா ஷபத்தூரா; கீவில் ஸ்தூஸ், விமர்சகர் இவான் ஸ்வித்லிச்னி. இன்னும் பலர். பாட்டுக்காக நடந்த கைதுகள் அல்ல இவை, முன்பே திட்டமிட்டவை. ஆனாலும் உக்ரைனில் அந்த வருடத்துப் பாட்டுக்குக் 'கைதான கேரல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஸ்தூஸ் 1985 செப்டம்பர் 4 அன்று உரால் மலைப்பக்கத்து பெர்ம் முகாமில் இறந்தார்.

போஸ்திஷெவ் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: 1938இல் கைது, 1939 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். மரம் மட்டும் நின்றது.

1991க்குப் பிறகு மிகோலாய் பகிரங்கமாக வெளியே வந்து, மெல்லக் கிழக்கே நடந்தார். கொஞ்ச காலம் இருவரும் போட்டியில்லாமல் காலம் தள்ளினார்கள்: டிசம்பர் 19இல் மிகோலாய் தலையணைக்கு அடியில், 31இல் பனித்தாத்தா மரத்துக்கு அடியில். பிள்ளைகள் தரப்பில் ஆட்சேபம் இல்லை. 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போய், கிழக்கே தொன்பாஸில் போர் தொடங்கியபோது மாஸ்கோ ஜாடை உள்ளவரைப் பள்ளி விழாக்களுக்குக் கூப்பிடுவது சங்கடமாகத் தொடங்கியது. 2022க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அவருக்கு அழைப்பே இல்லை. அந்த வருடம் ரஷ்ய ஏவுகணைகள் மின்நிலையங்களை அடித்துக்கொண்டிருந்தபோது கீவின் சோஃபியா சதுக்கத்தில் 12 மீட்டர் மரம் ஒன்றை நிறுத்தி ஜெனரேட்டரில் எரியவிட்டார்கள். விளக்கேற்றிய நாள் டிசம்பர் 19.

கடைசியாக நாள்காட்டியே மாறியது. 2023 செப்டம்பர் 1 முதல் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் மீண்டு வந்த கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் புதிய நாள்கணக்குக்கு வந்தன. அதற்கு முன்பே, ஜூலையில், கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றும் சட்டத்தில் அதிபர் செலென்ஸ்கி கையெழுத்துப் போட்டிருந்தார். ரஷ்யப் பழக்கத்தைக் கைவிடுவதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மாஸ்கோ மரபோடு இருந்த திருச்சபை மட்டும் பழைய தேதியிலேயே நின்றது.

நிலையான தேதியுள்ள திருநாள்கள் 13 நாள் முன்னால் நகர்ந்தன. மிகோலாய் டிசம்பர் 6, புனித மாலை டிசம்பர் 24. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தானியம் தூவும் விடியற்காலை ஜனவரி 14இலிருந்து ஜனவரி 1க்கு வந்துவிட்டது. புத்தாண்டு இரவு மூன்று மணிவரை விழித்திருந்த குடும்பத்தின் கதவை ஏழு மணிக்குக் கோதுமைப் பையோடு பையன்கள் தட்டுகிறார்கள். ஸ்டாலின் காலத்து விடுமுறையும் அதைவிடப் பழைய விதைப்பும் ஒரே காலையில் மோதிக்கொண்டு, தரையெங்கும் சிதறிய கோதுமைக்கு நடுவில் ஷாம்பெயின் தக்கைகள். சில கிராமங்களில் பாட்டிமார் இன்னும் 19ஆம் தேதியை விட்டுக்கொடுக்கவில்லை; அந்த வீட்டுப் பேரன்கள் டிசம்பரில் இரண்டு முறை தலையணையைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

புனித வாசில் நாளுக்கு முந்தைய இரவு பெண்பிள்ளைகள் பாடும் வாழ்த்துப் பாட்டைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்தேன். அதில் ஒன்றை மிகோலா லியொந்தோவிச் என்ற கிராமத்து இசை ஆசிரியர் சேர்ந்திசையாக்கினார். 1916இல் கீவில் அரங்கேறி, 1922இல் நியூயார்க் கார்னகி அரங்கம்வரை போய், இன்று உலகமே அதை அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கில் அது ஒலித்தபோது லியொந்தோவிச் உயிரோடு இல்லை. 1921 ஜனவரியில், பெற்றோர் வீட்டில், ராத்திரி தங்க இடம் கேட்டு வந்த விருந்தாளி அவரைச் சுட்டுவிட்டுப் போனார். அந்த விருந்தாளி யார், யார் அனுப்பி வந்தார் என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)